உப்பைக் கட்டி வைத்திருப்பது எது?

அவையோருக்கு என் வணக்கம். சோடியம் அணு தன் வெளிக்கூட்டில் உள்ள ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறது, குளோரின் அணு அதைப் பெற்றுத் தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நிறைவு செய்ய விரும்புகிறது, ஆகவே உப்பு உருவாகிறது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். தேர்வுக்கு வசதியான இந்த விளக்கத்தை அளவிடப்பட்ட எண்களின் முன் நிறுத்திப் பார்க்க இன்று உங்களை அழைக்கிறேன்.

சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது வெளிப்படுவதோ 349 கிலோஜூல் மட்டுமே. எலக்ட்ரான் கைமாறியதோடு எல்லாம் முடிந்துவிட்டால் 147 கிலோஜூல் நட்டம். திண்மச் சோடியத்தைத் தனி அணுக்களாக்கவும், இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கும் குளோரின் அணுக்களைப் பிரிக்கவும் ஆகும் ஏறத்தாழ 228 கிலோஜூலையும் சேர்த்தால், கடன் 375 ஆகிவிடுகிறது.

இந்தக் கடனை அடைப்பது படிகம். நேர் மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர் மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் எல்லாத் திசைகளிலும் மாறி மாறி அடுக்கப்படும்போது, படிகக்கூடு ஆற்றலாக ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. கடன் போக 400 கிலோஜூலுக்கும் மேல் மிஞ்சுவதால்தான் சோடியம் குளோரின் வாயுவில் அத்தனை ஒளியோடு எரிகிறது.

தந்தையும் மகனுமான பிராக் இணையர் 1913ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அடுக்கைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள். இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் என்று சொல்ல எந்த இணையும் அங்கு இல்லை. அதாவது, உப்புக் கல்லுக்குள் மூலக்கூறே கிடையாது. இது அக்கால வேதியியலாளர் சிலருக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தது என்றால், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த அறிஞர் 1927இல்கூட நேச்சர் இதழில் இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். இன்றும் கரும்பலகையில் ஒரு சோடியத்தையும் ஒரு குளோரினையும் மட்டும் வரைந்து நிறுத்திவிடும்போது, அவர் விட மறுத்த அதே மூலக்கூறைத்தான் மாணவர் மனத்தில் பதிக்கிறோம் என்பது என் வருத்தம்.

படிகம் முழுவதையும் மனத்தில் கொண்டால், உப்பின் குணங்கள் தாமே விளங்கும். உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருப்பது இந்தப் பரந்த ஈர்ப்பால். அடித்தால் வளையாமல் உடைவது, ஓர் அடுக்கு சற்றே நகர்ந்ததும் ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்வதால்.

எட்டு எலக்ட்ரான் விதியே போதும் என்று இன்னும் எண்ணுவோர் மெக்னீசியம் ஆக்சைடைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள ஆக்சைடு அயனியின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் முழுமையாக உள்ளன. ஆனால், வாயு நிலையில் தனித்து விடப்பட்டால் அந்த அயனி நிலைப்பதில்லை. முதல் எலக்ட்ரானால் ஏற்கெனவே எதிர் மின்சுமை பெற்றுவிட்ட ஆக்சிஜன் இரண்டாவதை விலக்குகிறது, எட்டு நிறைந்திருந்தும் ஒன்று வெளியேறிவிடுகிறது. சுற்றிலும் இரட்டை நேர் மின்சுமை கொண்ட மெக்னீசியம் அயனிகள் ஆறு நின்று, படிகம் முழுவதன் ஈர்ப்பும் சேர்ந்தால்தான் அந்த எலக்ட்ரான் அங்கே தங்குகிறது. அந்த ஈர்ப்பின் வலிமையால் மெக்னீசியம் ஆக்சைடு உருக ஏறத்தாழ 2,850 டிகிரி தேவைப்படுகிறது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதைச் செங்கல்லாக்கிப் பதிப்பதும் அதனால்தான்.