தடுக்கும் உரிமை வாக்காளருக்கு வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'மக்களாட்சியைக் காப்பது மக்களின் நேரடி முடிவா, பிரதிநிதிகளின் முடிவா?' என்பது தலைப்பு. எங்கள் அணி மக்களின் நேரடி முடிவின் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் மக்கள் கூடி ஓர் ஊரையே கொல்லச் சொன்னார்களே? ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்று பிரிட்டன் 2016-இல் வாக்கெடுப்பு நடத்திச் சிக்கிக்கொண்டதே? 140 கோடிப் பேரை எந்த மைதானத்தில் உட்கார வைப்பீர்கள்? மைதானத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஏதென்ஸ். கி.மு. 427. லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலினி நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றது. கிளியோன் என்ற அரசியல் தலைவர் வற்புறுத்த, அந்நகரின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல மக்கள் சபை முடிவெடுத்தது. ஆணையோடு கப்பலும் கிளம்பியது. எதிரணித் தலைவர் கதையை இங்கேயே நிறுத்திவிட்டார். வசதியான இடம்தான். மறுநாளே அதே மக்கள் மறுபடியும் கூடினார்களே, அதைச் சொல்ல வேண்டாமா? டியோடோடஸ் என்பவர் எழுந்து மறுத்துப் பேசினார். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். மயிரிழையில் பழைய முடிவு ரத்தானது. முதல் கப்பல் கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்தது. ரத்துச் செய்தியோடு கிளம்பிய இரண்டாம் கப்பலின் துடுப்புக்காரர்கள் மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பைக் கீழே வைக்காமல் தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். ஆணையை வாசித்து நிறைவேற்றப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கிளர்ச்சியின் தலைவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் அப்போதும் கொல்லப்பட்டார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் முந்தின நாள் தீர்மானத்தை மறுநாளே தானாக ரத்து செய்த சட்டமன்றம் ஒன்றை எதிரணி காட்டட்டும்.

கி.மு. 406-இல் கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகள் ஆறு பேரைக் கொன்றார்களே என்று அடுத்து வருபவர் கேட்பார். கொன்றார்கள். தவறு எங்கே நடந்தது? தளபதிகளைத் தனித்தனியாக விசாரிக்காமல் மொத்தமாக ஒரே வாக்கில் தீர்த்துக்கட்டினார்கள். அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், இது சட்டத்துக்கு விரோதம் என்று மறுத்தார், கேட்கவில்லை. நடைமுறையை மிதித்த அன்றைக்குத்தான் ஏதென்ஸ் கெட்டது. என் வாதமே இதுதான், நடுவர் அவர்களே: நேரடி மக்களாட்சி என்றால் கூட்டம் போட்டுக் கத்துவது இல்லை, அது ஒரு நடைமுறை.

எப்படிப்பட்ட நடைமுறை? ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவின் அருங்காட்சியகத்தில் வரிசை வரிசையாகப் பிளவு வெட்டிய கல் ஒன்றின் துண்டு இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வரும் குடிமகன் தன் பெயரும் ஊரும் பொறித்த வெண்கலத் தகட்டைக் கொடுப்பார். அது ஒரு பிளவில் செருகப்படும். கல்லின் பக்கவாட்டில் ஒரு குழாய். அதில் கறுப்பும் வெள்ளையும் கலந்து போட்ட உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அன்றைய நீதிபதிகள். கறுப்பு விழுந்தால் அந்த வரிசை வீட்டுக்குப் போகலாம். இதெல்லாம் வழக்கு நடக்கும் அன்று காலையில்தான். எந்த நீதிமன்றத்தில் யார் உட்காருவார் என்பதற்கும் குலுக்கல். யாருக்கு லஞ்சம் கொடுப்பது? 201 பேர், 501 பேர் என்று உட்காரும் இடத்தில் எத்தனை பேருக்குக் கொடுப்பது? நம் தொகுதிகளில் கவர் கொடுப்பவர்களுக்கு இந்தக் கல் பெரிய நஷ்டம்.

ஐந்நூற்றுவர் அவைக்கும் குலுக்கல்தான், ஒரு குலத்துக்கு 50 பேர் வீதம் பத்துக் குலங்களிலிருந்து. பதவி முடிந்த ஒவ்வொருவரும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் வரை ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் உத்திரமேரூரைத் தேர்தல் முறைக்குச் சான்றாகச் சொன்னார். அது எங்கள் கட்சி, ஐயா! முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலையில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் ஓலையே கிடையாது. அது பிராமணர் சபை. நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் இடம் என்பதும் உண்மை. ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. குலுக்கல் முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை விட்டுவிடுவோம்.

இன்றைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால், அது அரசிதழில் வந்த நாளிலிருந்து 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் போதும். சட்டம் மக்கள் வாக்குக்குப் போயாக வேண்டும். அரசியலமைப்பையே திருத்த வேண்டுமென்றால் 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்தையும் அந்தந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். பிறகு அரசும் நாடாளுமன்றமும் கருத்துச் சொல்லும். விரும்பினால் மாற்றுத் திட்டமும் வைக்கும். கடைசியில் நாட்டின் பெரும்பான்மையும் வேண்டும், மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். 'இலவசம் கேட்டே மக்கள் நாட்டைத் தின்றுவிடுவார்கள்' என்றாரே எதிரணித் தலைவர்! 2012-இல் எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு 6 வார விடுமுறை தரலாமா என்று அங்கே கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

கோளாறு இல்லையா? உண்டு. கூலிக்குக் கையெழுத்து சேர்க்கும் நிறுவனங்கள் போலிக் கையெழுத்து போட்டதாக 2024-இல் பெரிய சர்ச்சை. பெண்களுக்கு வாக்குரிமை தர 1959-இல் ஆண்கள் மறுத்து, 1971-இல்தான் சம்மதித்தார்கள்; வெட்கக்கேடுதான். அரசே தப்பாக எண்ணிக்கை சொன்னதும் உண்டு. 2016-இல் தம்பதியர் வரி குறித்த வாக்கெடுப்பில், பாதிக்கப்படும் இரட்டை வருமானத் தம்பதியர் 80,000 என்றது அரசு. உண்மையில் நான்கரை லட்சம். 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது. பொய்த் தகவல் கொடுத்து ஜெயித்த பொதுத் தேர்தலை இப்படி ரத்து செய்தால், நம் நாட்டில் யார் மிஞ்சுவார்கள்?

பிரிட்டனுக்கு என்ன ஆயிற்று? வாக்குச்சீட்டில் கேட்டது 'இருக்கவா, வெளியேறவா' என்ற ஒற்றை வரி. வெளியேறினால் எந்த உடன்பாட்டோடு, எந்த எல்லையோடு என்று எதுவும் எழுதப்படவில்லை. சுவிஸ் வாக்காளர் திருத்தத்தின் வாசகத்தைப் படித்து வாக்களிக்கிறார். பிரிட்டிஷ் வாக்காளர் ஓர் ஆசைக்கு வாக்களித்தார். அந்தக் கேள்வியை எழுதியது மக்களா? இல்லை. நாடாளுமன்றம்! கேள்வியைக் கோணலாகக் கேட்டுவிட்டு, 51.9 சதவீதம் பேர் 'வெளியேறு' என்று பதில் சொன்னதும் மூன்றரை ஆண்டு இழுத்தடித்தவர்களும் எதிரணி நம்பும் அதே பிரதிநிதிகள்தான்.

இப்போது மைதானம். 140 கோடிப் பேரும் ஒரே இடத்தில் கூட வேண்டாம். யாருக்குப் பாதிப்போ அவர்கள் கூடினால் போதும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம். மத்தியிலும் மாநிலத்திலும் தேர்ந்தெடுத்த அரசுகள் இருந்தன. 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, திட்டம் நின்றது. நமக்கு வேண்டிய நடைமுறையின் விதை நம் சட்டத்திலேயே கிடக்கிறது. கிராம சபைக்கு மேலே போகும்போதுதான் வாக்காளரின் வாய் மூடப்படுகிறது.

பிரதிநிதிகளை ஒழிக்கச் சொல்லவில்லை. ஏதென்ஸும் படைத்தளபதிகளைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்தது. சுவிட்சர்லாந்திலும் நாடாளுமன்றம் இருக்கிறது. எனவே எதிரணிக்கு ஒரே கேள்வி. தேர்தல் அறிக்கையில் இல்லாத சட்டம் ஒன்று, பெரும்பான்மை பலத்தில் ஒரே மாலையில் நிறைவேறுகிறது. சுவிஸ் வாக்காளருக்கு 100 நாள் இருக்கிறது. உங்கள் முறையில் வாக்காளர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும்? 'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்' என்பதைத் தவிர வேறு பதில் இருந்தால், அடுத்து வருபவர் அதைச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.