பலகைப் படமும் கொழும்புச் சுவரும்

தலைவர் அவர்களே, கௌரவ மாநகர சபை உறுப்பினர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகம் செய்த நேரத்தில் நான் பாதிப் பேச்சை முடித்திருக்கலாம். அன்புக்கு நன்றி. உறுப்பினர் அவர்கள் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

வீட்டில் இருக்கிற பழைய ஓவியங்களையும், அழகெழுத்தில் எழுதிய எழுத்தணிகளையும் காப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஈரம், வெளிச்சம், பூச்சி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முதலில் ஈரம். கொழும்பில் காலை வேளையில் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 65, 70 வீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் படத்தை மாட்டாதீர்கள். வேறு சுவர் இல்லையா? சட்டத்தின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், பின்னால் காற்று போகட்டும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும். பாதுகாப்பு என்று பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

இங்கே கொட்டாஞ்சேனை மாமியின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மாமி வீட்டில் தஞ்சாவூர்க் கிருஷ்ணர் இருந்தார், தாத்தா காலத்துப் பலகைப் படம். தைப்பொங்கலுக்கு முதல்நாள் வீடு கழுவும்போது மாமிக்குக் கிருஷ்ணரின் முகம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தில் துணியை நனைத்து, கன்னத்தில் ஒரு தேய்ப்பு. சிறிது நேரத்தில் எனக்குத் தொலைபேசி: "தம்பி, கிருஷ்ணருக்கு வேர்க்குது!" வேர்வை இல்லை ஐயா. தங்க ரேக்குக்கு அடியில் புடைப்பாக இருப்பது சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த கலவை. தண்ணீர் பட்டால் இளகும். நான் போய்ச் சேருவதற்குள் மாமி படத்தை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுவிட்டார். பலகை வளைந்தது, புடைப்பு வெடித்தது, வெண்ணெய்ச் சட்டி கையோடு வந்துவிட்டது. பிறகு மருமகன் வந்தார், கெட்டிக்காரர். உடனடிப் பசையும் இரும்புக்கடைத் தங்கப் பெயின்டும் வாங்கி ஒரே இரவில் வேலையை முடித்தார். கிருஷ்ணர் இப்போது திருவிழாக் கடை வளையல் மாதிரி மினுங்குகிறார். மாமிக்குப் பரம திருப்தி. நான் என்ன சொல்ல? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

மௌலவி அவர்கள் சிரிக்கிறார். உங்கள் வீடுகளிலும் ஈரத்துணி ஆபத்துத்தான். அரபு எழுத்தணிக்கான பழைய மை புகைக்கரியும் பிசினும் கலந்தது. ஒரே துடைப்பில் ஆயத்து, அந்தக் குர்ஆன் வசனம், அழிந்துபோகும். லாமினேட் செய்வது இன்னும் மோசம், ஒட்டினால் ஒட்டியதுதான்.

வெளிச்சம். காகித ஓவியத்துக்கு நூதனசாலைகளில் 50 லக்ஸ் அளவில்தான் ஒளி விடுவார்கள்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. நம் யன்னலோர வெயில் அதைப் போலப் பல நூறு மடங்கு. மங்கிய சாயம் திரும்ப வராது. ஜப்பானில் சுருள் ஓவியங்களைப் பருவத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, மற்றவற்றைப் பவுலோனியா மரப்பெட்டியில் சுருட்டி வைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை வறண்ட நாள் பார்த்து வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். நமக்கும் தை, மாசி இருக்கிறதே! வெயிலில் அல்ல, நிழலில்.

பூச்சியைப் பற்றி, இராமபாணத்திலிருந்து கறையான்வரை, நிறையச் சொல்லலாம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, விட்டுவிடுகிறேன்.

உறுப்பினர் அவர்களே, வேலை இதுதான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. கொழும்பு வீடுகளில் தீ வைக்க ஆள் தேவையில்லை. பிள்ளைகள் கனடாவில், அம்மாவும் போய்விடுவார், அடுக்குமாடி வீடு பூட்டிக் கிடக்கும், ஒரு மழைக்காலம் போதும். வீடு விற்கிற அன்று படம் குப்பை வண்டியில் ஏறும். இதையெல்லாம் தலையணைக்கடியிலா வைத்துக் காப்பது? இந்தப் பகுதியில் மாநகர சபைக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை தாருங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, இரும்பு அலுமாரி நான்கு. படத்தைப் பதிந்து, புகைப்படம் எடுத்து, குடும்பத்தின் பெயரிலேயே வைத்திருப்போம். யாருடைய சொத்தும் கைமாறாது. மாதம் ஒருமுறை பேணல் தெரிந்த ஒருவரை அழைப்போம். 1877 இல் தொடங்கிய தேசிய நூதனசாலை கொழும்பு 7 இலேயே இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். மின்சாரக் கட்டணத்தை நாங்கள் திரட்டுகிறோம். அறையை மட்டும் தாருங்கள். போன வருடமும் கேட்டேன், "பார்ப்போம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் என் பழமொழியை மறுபடி சொல்லவேண்டி வரும்.

வாசலில் இடதுபக்க மேசையில் மனு இருக்கிறது. தேநீருக்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் என்ன படம் இருக்கிறது, எந்தச் சுவரில் தொங்குகிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். பேனாவைத் திருப்பித் தந்துவிடுங்கள், அது செயலாளருடையது. நன்றி, வணக்கம்.