ஆக்டோபஸுக்கு எது பன்மை?

நண்பர்களே, ஆங்கிலத்தில் பன்மைக்கு 'எஸ்' சேர்த்தால் போதும் என்று படித்துவிட்டு அறிவியல் பாடத்துக்கு வருகிறோம். அங்கே ரேடியஸ் 'ரேடியை' ஆகிறது, லார்வா 'லார்வே' ஆகிறது, பாக்டீரியம் 'பாக்டீரியா' ஆகிறது. பிள்ளைகள் மிரளாமல் என்ன செய்வார்கள்?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படித்தவர்களின் எழுத்து மொழி லத்தீன். நியூட்டன் 1687இல் 'பிரின்சிபியா' என்ற தன் நூலை லத்தீனில்தான் வெளியிட்டார். அந்தத் தலைப்பே ஒரு பன்மைதான். அப்படிப்பட்டவர்கள் ஆங்கிலத்தில் எழுத வந்தபோது, சொல்லோடு அதன் பன்மையையும் கொண்டுவந்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. 'அஸ்' என்று முடிந்தால் 'ஐ' போடு என்பார்கள். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல். அதன் கிரேக்கப் பன்மை 'ஆக்டோபோடெஸ்'. 'ஆக்டோபை' என்பது லத்தீன் என்று நினைத்துச் செய்தது. பஸ்ஸின் முழுப்பெயரான ஆம்னிபஸ்ஸுக்கு லத்தீனில் 'எல்லாருக்கும்' என்று பொருள். ஏற்கெனவே பன்மை, அதுவும் நான்காம் வேற்றுமை!

சிலபஸின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ரோமில் சுருள் நூல்களில் தலைப்பு எழுதி ஒட்டும் தோல் துண்டுக்கு 'சிட்டிபா' என்று பெயர். ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதம் ஒன்றில் வந்த அந்தச் சொல்லைப் பழைய பதிப்புகளில் 'சிலபோஸ்' என்று பிழையாக அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் பிழையிலிருந்து பிறந்த சொல்லுக்குத்தான் இன்று 'சிலபை' என்று லத்தீன் பன்மை தேடுகிறோம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஃபார்முலாஸ்', 'சிலபஸஸ்', 'ஆக்டோபஸஸ்' என்று ஒரு மாணவி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அகராதிகளே ஏற்றுக்கொண்டவை அவை. நாமும் 'பாக்டீரியாக்கள்' என்று லத்தீன் பன்மையின் மேல் 'கள்' போட்டுத்தானே எழுதுகிறோம்? தமிழில் அது சரி.

ஆனால் 'ஒரு கிரைட்டீரியா', 'ஒரு ஃபினாமினா' என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை பன்மைகள். கிரைட்டீரியன், ஃபினாமினன் என்ற ஒருமைகள் ஆங்கிலத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அஜெண்டா அப்படியில்லை. லத்தீனில் 'செய்ய வேண்டியவை' என்ற பன்மை அது. ஆங்கிலத்தில் ஒருமையாகி, 'அஜெண்டாஸ்' என்று புதுப் பன்மையும் எடுத்துக்கொண்டது. 'டேட்டம்' என்பதன் பன்மையான டேட்டாவும் ஒருமைப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆய்விதழுக்கு எழுதுகிறவர்கள் அந்த இதழின் வழக்கத்தைப் பாருங்கள். பன்மை கேட்டால் பன்மையாக எழுதுங்கள். செய்தித்தாளுக்கு என்றால் ஒருமையே போதும்.