திறந்த போர்ட்டை மூடுவது யார் பொறுப்பு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வீட்டு ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து வரும் தரவு நுழையும் எண்ணிட்ட வாசலை, தானாகவே திறந்து தரும் நிரலகம் (பிற செயலிகள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு) ஒன்றை எழுதியபோது நான் கற்றவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். திறப்பதற்குச் சில நாள் உழைப்பே போதுமானதாக இருந்தது. திறந்ததை ஒழுங்காக மூடுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகுக்கு ரவுட்டர் தன் ஒற்றை முகவரியைத்தான் காட்டுகிறது. உள்ளேயிருந்து நாம் தொடங்கும் உரையாடலுக்கு வரும் பதிலை உரிய கணினியிடம் சேர்க்க அதற்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டும் தரவுப் பொதி யாருக்கு உரியது என்று அதற்குத் தெரியாததால் அதைக் கைவிட்டுவிடும். கோப்புப் பகிர்வு, விளையாட்டு போன்றவற்றுக்காக அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்க இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று யுபிஎன்பி; மற்றொன்று ஆப்பிள் நிறுவனத்தில் உருவாகி 2013-இல் ஆர்எஃப்சி 6886 என்ற இணைய நுட்ப ஆவணமாக வெளியான நேட்-பிஎம்பி.

நேட்-பிஎம்பி எளிமையானது. ரவுட்டரின் 5351 எண் போர்ட்டுக்கு 12 பைட் அளவுள்ள கோரிக்கையை யுடிபி வழியாக (முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்தாமல் பொதியை அனுப்பும் முறை) அனுப்பினால் 16 பைட்டில் பதில் வந்துவிடும். யுபிஎன்பி அப்படியல்ல. 239.255.255.250 என்ற குழு முகவரியில், 1900 போர்ட்டில், "ரவுட்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவ வேண்டும், பதிலில் வரும் இணைப்பிலிருந்து எக்ஸ்எம்எல் வடிவில் உள்ள ரவுட்டர் விவரத்தைப் பெற வேண்டும், அதில் உரிய சேவையைத் தேடிப் பிடித்த பிறகே போர்ட்டைக் கேட்க முடியும். கணினியில் விபிஎன்னும் மெய்நிகர் பிணைய அட்டைகளும் இருந்தால் நம் கூவல் வேறு வழியாகப் போய்விடலாம். ரவுட்டர் மூன்றடி தூரத்தில் இருந்தும் பதில் வராமல் இரண்டு நாள் தவித்த பிறகுதான், பிணைய அட்டை ஒவ்வொன்றின் வழியாகவும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். திறப்புக்குக் காலவரம்பு உண்டு. நாம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு, பாதிக் காலம் கடந்ததும் புதுப்பித்துக்கொண்டால், நிரல் செத்துப்போனாலும் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பழைய ரவுட்டர்கள் சில, 725 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பி, நிரந்தரத் திறப்பை மட்டுமே தருவோம் என்கின்றன. வேறு வழியின்றி அதற்கு நாங்கள் உடன்பட்டோம். சில வாரங்கள் கழித்து எங்கள் வீட்டு ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தபோது, சோதனை ஓட்டங்கள் விட்டுச்சென்ற மூன்று திறப்புகள் அப்படியே இருந்தன. அவை சுட்டிய முகவரி அப்போது என் மடிக்கணினியுடையதாக இல்லை; ரவுட்டர் அதை அச்சுப்பொறிக்குக் கொடுத்திருந்தது. நான் திறந்த கதவு, எனக்கே தெரியாமல், வேறொரு கருவியின் முன் திறந்து கிடந்தது.

அன்று முதல் நிரலகம், திறக்கும் ஒவ்வொரு போர்ட்டையும் முதலில் வட்டில் எழுதிவைத்த பிறகே ரவுட்டரைக் கேட்கிறது. பாதியில் நின்றுபோனாலும் அடுத்த முறை தொடங்கியவுடன் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு திறப்பின் விவரக் குறிப்பையும் ரவுட்டரிடம் கேட்டுச் சரிபார்த்து, தன்னுடையதை மட்டும் நீக்குகிறது. இந்தச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். யுபிஎன்பியில் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை என்பதால், பல ரவுட்டர்களில் வீட்டிலுள்ள மற்றொருவரின் திறப்பையும் நம்மால் அழித்துவிட முடியும். முடியும் என்பதற்காக அதைச் செய்வது முறையாகாது.

இன்னொரு நேர்மையும் நிரலகத்துக்குத் தேவை. போர்ட் திறந்ததாக ரவுட்டர் சொன்னதும், அதன் வெளிமுகவரியைக் கேட்டுப் பார்க்கிறோம். அது 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ, அது பொது இணைய முகவரி அல்ல; ரவுட்டருக்கு மேலே இன்னொரு கருவியும் இப்படி முகவரியை மாற்றுகிறது என்று பொருள். அப்போது எங்கள் நிரலகம் வெற்றி என்று அறிவிக்காமல், "வெளியிலிருந்து எட்ட முடியாது" என்ற தனிப் பிழையைத் தருகிறது. அதைப் பெற்ற செயலி உடனே, தரவை நடுவில் நின்று கடத்தித் தரும் இடைச் சேவையகத்தின் வழிக்கு மாறிக்கொள்ளலாம். பயனர் நள்ளிரவில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தடுமாற வேண்டியதில்லை.