பட்டாளத்தில் தொடங்கிய நோயும் ஊனமுற்றோர் பென்ஷனும்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஊரில் முன்னாள் படைவீரர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். குண்டடி பட்டவர்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை. அவர்கள் விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் என்று சர்வீஸிலேயே ஏதோ ஒன்று ஆரம்பித்து, இன்றும் மாத்திரையோடு இருப்பவர்கள். "சர்க்கரை ஊர்ல எல்லாருக்கும்தான் வருது சார், இதுக்கெல்லாம் பென்ஷன் கேட்க முடியுமா?" என்று அவர்களே தயங்குவார்கள்.

கேட்கலாம். எதை வைத்துக் கேட்பது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நோயோடு டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு அதற்கு முன் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழுவின் பரிசோதனை, உண்டு. அந்தப் படிவத்தில் நோயின் பெயர், அது முதலில் தெரிய வந்த தேதி, அப்போது இருந்த இடம் எல்லாம் எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் சில சின்னக் கட்டங்கள்: இந்த நோய் பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா? 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரே வார்த்தை. அடுத்து, காரணம் எழுத ஓர் இடம். நான் பார்த்த படிவங்களில் இரண்டு கட்டத்திலும் 'இல்லை'தான் அதிகம். காரணம் கேட்ட இடத்தில், 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். நம் ஆள் ஜம்முவில் இரண்டு முறை ஃபீல்டு, அதாவது எல்லைப் பக்கப் பணி, பார்த்துவிட்டு, அப்புறம் பீஸ் ஸ்டேஷன் என்கிற அமைதிப் பகுதிக்கு வந்ததும் பிரஷர் பார்த்திருப்பார்கள். பிரஷர் கண்டுபிடித்த இடம்தான் அது, உண்டான இடம் என்று யார் சொன்னது? வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நம் ஆள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இந்த ஒரு வரியைத்தான் சுப்ரீம் கோர்ட் கேள்வி கேட்டது. 2013 ஜூலையில் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. அவர் 1985-ல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சிப்பாயாகச் சேர்ந்தவர். சுமார் ஒன்பது வருஷம் கழித்து, வலிப்பு நோய் என்று போர்டு அவுட் ஆனார், அதாவது நோயைக் காரணம் காட்டி சர்வீஸ் முடியும் முன்பே வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். கோர்ட் சொன்னதன் சாரம் இது. ஆளெடுக்கும்போது தலை முதல் கால் வரை சோதித்துத்தானே எடுத்தீர்கள்? அன்றைய பதிவில் இந்த நோய் பற்றி ஒரு குறிப்பும் இல்லையென்றால், அவர் நல்ல உடம்போடு வந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்பதே சட்டத்தின் அனுமானம். இல்லை என்று சொல்கிறவர்தான் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு.

ஆக, உங்களிடம் இருக்க வேண்டிய காகிதங்கள் இரண்டு: சேர்ந்த அன்றைய மெடிக்கல் பதிவு, வெளியே வந்தபோது நடந்த போர்டு நடவடிக்கையின் நகல். கையில் இல்லையென்றால் உங்கள் படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கிறது.

இதற்காக எல்லா நோய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் நர்சிங் யாதவ் என்பவரின் வழக்கில், மனநோய் என்றாலே பணியால் வந்ததுதான் என்று தானாக முடிவு செய்ய முடியாது என்று அதே கோர்ட் சொல்லி, மனுவைத் தள்ளிவிட்டது. போர்டு காரணத்தை விளக்கமாக எழுதியிருந்தால் வழக்கு கடினம். ஒற்றை வரி என்றால் நம் பக்கம் பலம் கூடும். தரம்வீர் சிங் பெயரை மட்டும் எழுதி மனு போட்டால் போதும் என்று சில இடைத்தரகர்கள் சொல்கிறார்களே, அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பணக் கணக்கைச் சொல்கிறேன். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 50,000 ரூபாய் என்றால் 15,000. ஊனம் 20 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். ஆனால் 20-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் ஏற்பாடு உண்டு. அது போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு சொல்லிவந்தது. முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அப்போது அதே 3,000 ரூபாய் 7,500 ஆகிறது. மாத்திரைச் செலவு போக ஏதோ மிஞ்சும்.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு மட்டும் புதிய விதிகள். அதில் சில பெயர்களும் நிபந்தனைகளும் மாறியிருப்பதால், பக்கத்து வீட்டு அண்ணன் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஆர்டரைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது.

மனு நிராகரிக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் போனால் இரண்டாவது அப்பீல். அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள், மனு எழுத உதவுவார்கள்.

வெளியே வந்து இருபது வருஷம் ஆகிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: பென்ஷன் மாதா மாதம் வர வேண்டிய பணம் என்பதால், தாமதம் ஒன்றுக்காகவே வழக்கைத் தள்ளுவதில்லை. ஆனால் 15 வருஷம் கழித்துக் கேட்டால், நிரூபிக்கிற சுமை நம் மேல் வந்துவிடும் என்று இந்தப் பென்ஷனுக்கான 2008 விதிகளில் இருக்கிறது. நிலுவையும் பொதுவாக மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் விட்டது விட்டதுதான். இந்த மாதம் போடவேண்டிய மனுவை அடுத்த வருஷம் போட்டால், பன்னிரண்டு மாதப் பணம் போகும்.