கரைமுண்டும் சாரமும்: ஒட்டுத்துணியில் சில பரிசுகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்பது நம் குமரி மாவட்டத்து வழக்கம். அப்படிக் கொண்டுபோகும் பொருள் வீட்டிலுள்ள பருத்தித் துணிகளைக் கொண்டு கையால் தைத்ததாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காக, ஒட்டுத்துணித் தையலைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இந்த வேலையில் ஊசி எடுப்பதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட காரியம் முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. எந்தத் துணியோடு எதைச் சேர்க்கலாம், அதை எப்படித் துவைத்து, எந்தத் திசையில் வெட்ட வேண்டும் என்பவற்றில் பொறுமை காட்டியவர்களின் தையல் சுமாராக இருந்தாலும் பொருள் நன்றாக அமையும். அவற்றில் அவசரப்பட்டவர்களுக்கு எவ்வளவு நல்ல கைத்தையலும் உதவாது.

துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி ஒன்றை உருவாக்குவது முதல் வேலை. அதன் கீழே நடுத்துணியும் அடித்துணியும் வைத்து, மூன்றும் விலகாதபடி ஓட்டுத் தையல் போட்டு ஒன்றாக்குவது இரண்டாவது வேலை. குயில்ட் என்ற பெயரில் இது மேல்நாட்டிலிருந்து வந்த கலையாகப் பலருக்குத் தோன்றினாலும், பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவும், பீகாரின் சுஜனியும், கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இந்த வேலைதான். கவந்தி தைப்பவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல வைத்துத் தைத்தால்தான் அந்தப் போர்வை முழுமை பெற்றதாகக் கருதுகிறார்கள்.

நமக்கோ துணிக்குப் பஞ்சமே இல்லை. வடசேரியிலும் இரணியலிலும் கைத்தறி நெய்த மரபு உண்டு. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாலராமபுரத்தில் கரைமுண்டு நெய்யும் சாலியர்களின் முன்னோரும், 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களே. ஆகவே கசவு என்னும் பொன்னிழைக் கரை வைத்த முண்டும், நேரியல் என்னும் மேலாடையும், சாரம் என்னும் கட்டம் போட்ட லுங்கியும், துவர்த்து என்னும் துண்டும் நம் வீடுகளின் அலமாரியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. பலமுறை துவைத்த கைத்தறித் துணி இனிச் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்திருக்கும். கஞ்சி போய் இழை இளகியிருப்பதால் ஊசி தடையில்லாமல் இறங்கும். கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய புதுத் துணியைவிட இதையே நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் பழையது என்பதும் நைந்தது என்பதும் ஒன்றல்ல. துணியை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் மெலிந்த இடம் சல்லடைபோலத் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். மெல்லிய முறுக்கொலியோடு துணி விட்டுக்கொடுத்தால் அதை மேல்துணிக்குப் பயன்படுத்தாதீர்கள், நடுத்துணியாக வைத்துக்கொள்ளலாம். முண்டில் உட்காரும் பகுதியும் முழங்கால் பகுதியும்தான் முதலில் நையும் என்பதால், கரையை ஒட்டிய பகுதியில் நல்ல துணி பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். கனமான சட்டைத் துணியையும் மெல்லிய நேரியலையும் ஒரே தையலில் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை துவைத்தவுடன் கனமான துணி மெல்லியதை இழுத்து, தையலை ஒட்டியே கிழித்துவிடும்.

புதுத் துணி கொஞ்சம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அதைத் துவைத்து உலர்த்தாமல் வெட்டாதீர்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம்வரை குறைவது சாதாரணம். சுருங்கிய துணியும் சுருங்காத துணியும் ஒரே பொருளில் இருந்தால், முதல் துவையலுக்குப் பிறகு அது அலையலையாகக் கோணிக்கொள்ளும். சாயத்தைப் பொறுத்தவரை, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. துணியில் ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தை வீட்டு உப்பு நிறுத்தி வைக்காது. தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. அதன் பின்னும் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், அந்தச் சிவப்போ நீலமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வெள்ளை முண்டின் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

வெட்டும்போது பாவு நூலும் ஊடு நூலும் போகும் திசையிலேயே கத்தரி போக வேண்டும். சாய்ந்து வெட்டிய துண்டு இழுபடும். சதுரமாக வெட்டியது தைத்து முடிப்பதற்குள் சாய்சதுரமாகிவிடும். இந்த இடத்தில்தான் பழைய சாரம் பெரிய உதவி செய்கிறது. நெசவிலேயே போடப்பட்ட கட்டங்கள் இருப்பதால், அளவுகோலும் சாக்குக்கட்டியும் இல்லாமலே கட்டத்தின் கோட்டைப் பிடித்து நேராக வெட்டிவிடலாம். முதன்முதலாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் வீட்டிலுள்ள ஆண்களின் பழைய சாரம் இரண்டை வேறு வேறு நிறத்தில் எடுத்துத் தொடங்குவதே நல்லது.

அடுத்ததாக அளவு. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்), உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டு நான்கு பக்கமும் தைத்த பின் நாலரை அங்குலமாக நிற்கும். இந்த இரண்டு நூல் எங்கும் மாறாமல் இருப்பது மிக முக்கியம். ஒரு வரிசையில் ஒன்பது சதுரங்கள் இருந்தால் எட்டு இணைப்புகள் வரும். ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டால், அந்த வரிசை முடிவில் ஓர் அங்குலம் குறைந்துபோகும். அடுத்த வரிசையோடு மூலைகள் பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அரை நூல்தான். தையல் இயந்திரத்தின் தகட்டில், ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு ஒட்டு நாடாவை ஒட்டிவைத்து, துணியின் ஓரத்தை அந்த நாடாவின் விளிம்போடு சேர்த்து ஓட்டினால் இந்தச் சிக்கல் தீரும். மெல்லிய முண்டுக்கு 11ஆம் எண் ஊசியும், சாதாரணப் பருத்திக்கு 14ஆம் எண்ணும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 16ஆம் எண்ணும் பொருந்தும். தைக்கும் நூல் பருத்தியாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு வரிசையையும் தைத்தவுடன் இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தையல் மடிப்பை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்துவிட்டால் வெள்ளைத் துணிக்குள் நிழல் தெரியாது. கசவுக் கரையின்மேல் நேராகச் சூடு படக் கூடாது. மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தித்தான் தேய்க்க வேண்டும்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு முன் அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் நடுத்துணியையும் மேல்துணியையும் பரப்பி, பெரிய பெரிய தையல்களாகத் தற்காலிகமாகப் பிடித்துவிடுங்கள். பிறகு ஓட்டுத் தையலை நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் துணியின் தொய்வு வெளியே தள்ளப்படும். கவந்திப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்ளே வருகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் துண்டுகளைத் தைத்துக்கொண்டே சேர்ப்பதால் தொய்வை அவ்வப்போது மடிப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். நாம் முழுமையாக முடித்த மேல்துணியை வைக்கிறோம். நமக்கு அந்த வசதி கிடையாது.

நடுத்துணிக்குப் பஞ்சு வாங்கி அடைக்க வேண்டியதில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த மண்ணில், தடித்த பொருள் துவைத்தால் நாள்கணக்கில் உலராது. உள்ளே பூஞ்சை பிடித்து வாடை வரும். ஒரு பழைய துவர்த்தோ இரண்டு அடுக்கு முண்டுத் துணியோ நமக்குப் போதும்.

பரிசுகளில் முதலில் தைத்துப் பழக ஏற்றது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடித்துணி. எட்டு அங்குலச் சதுரம் போதும். ஆனால் அதன் உள்ளே வைப்பது முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழைத் துணியும் ஸ்பாஞ்சும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பழைய குளியல் துண்டை இரண்டு மடிப்பாக வைப்பது நல்லது. ஈரமான பிடித்துணி வழியே சூடு சட்டென்று கைக்கு ஏறும் என்பதால், ஒரு மூலையில் தொங்கவிட வளையம் வைத்து, எப்போதும் இரண்டாகவே கொடுங்கள். ஒன்று காயும்போது மற்றொன்று பயன்படும்.

எனக்கு மிகவும் பிடித்தது சுருக்குப்பை. பாட்டிமார் இடுப்பில் செருகிய அதே பைதான்; இன்று செல்பேசியும் சாவியும் போட உதவுகிறது. எட்டு அங்குல அகலம், பத்து அங்குல உயரம் வருமாறு தைத்து, கசவுக் கரையை வாயோரத்தில் வரும்படி வைத்தால் அந்தக் கரையே அலங்காரமாகிவிடும். கயிறு போகும் வழிக்காகப் பக்கத் தையலில் ஒரு முக்கால் அங்குலம் இருபுறமும் தைக்காமல் விட வேண்டும். இருபத்து நான்கு அங்குலக் கயிறு இரண்டை எடுத்து, ஒன்றை இடப்பக்கத்திலிருந்தும் மற்றொன்றை வலப்பக்கத்திலிருந்தும் முழுச் சுற்றாக நுழைத்து முடிச்சுப் போட்டால், இரண்டு பக்கமும் இழுக்கும்போது வாய் ஒரே சீராகச் சுருங்கும். ஒரே கயிறு போட்டால் பை ஒரு பக்கமாகக் கோணும்.

பிறந்த குழந்தைக்கு விரிப்பு தைக்கிறவர்கள் கசவையும் பித்தானையும் சமிக்கியையும் முழுவதும் விலக்க வேண்டும். குழந்தையின் தோலில் எதுவும் உராயக் கூடாது, வாயில் எதுவும் போகக் கூடாது. இருபுறமும் வெள்ளை முண்டும் ஓரத்தில் மட்டும் நிறப் பட்டியும் போதும். நேரான ஓரத்துக்குப் பட்டியை நேராக வெட்டினாலே சரியாக உட்காரும். வளைந்த ஓரத்துக்கு மட்டும்தான் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும்.

கையால் செய்த பொருளைக் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார், இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னும் வேலையைக் கற்றுக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, பின்னல் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துச் சில பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பெண்களின் விரல்வேலைக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. ஆகவே பல மாலைகள் உட்கார்ந்து தைத்த பொருளை "சும்மா பழைய துணியில் செய்தது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது யாருடைய முண்டு, எந்தத் திருமணத்துக்கு எடுத்த நேரியல் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்து, நன்றாக உலர்த்தி, தளர்ந்த நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். பின்பக்கத்து மூலையில் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் ஆண்டையும் சிறியதாகத் தைத்து வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் விரித்து உலர்த்த வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு கொடுத்துவிட்டால், பெறுகிறவர் அதைப் பத்திரப்படுத்தி அலமாரியில் பூட்டாமல் துணிந்து பயன்படுத்துவார். வணக்கம்.