ஏழு வகைப் பலகாரமும் ஒரு தகரப்பேணியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நோர்வே நத்தாரின் உயிர் இருப்பது இரவு விருந்திலா, பலகாரப் பேணியிலா? இதுதான் இன்றைய கேள்வி. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ஏழு வகைப் பலகாரம் சுட்டுத் தகரப்பேணிகளில் அடுக்கிவைப்பது இங்கே வழக்கம். நான் பேணிப் பக்கம்.

எனக்கு முன் பேசிய தம்பி ரிப்பே என்ற பன்றி விலாவைப் பற்றியும் ஆட்டு விலாவைப் பற்றியும் சொன்னபோது எனக்கும் வாயூறியது. பன்றி விலாவின் தோல் மொறுமொறுவென்று பொரிந்து வருவதும், உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலாவை பேர்ச் மரக்குச்சிகளின் மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பதும் அருமையான சமையல். மறுக்கவில்லை. ஆனால் தம்பி, முடிக்கும்போது ஒன்று சொன்னீர்களே: "ஏழு வகை, ஏழு வகை என்கிறார்கள். எல்லாம் மாவு, வெண்ணெய், சீனிதானே? ஒரே விசுக்கோத்துக்கு ஏழு பெயர்!" அவையும் கைதட்டிவிட்டது.

சரி. பிட்டு எதில் அவிப்பது? அரிசிமாவில். இடியப்பம்? அரிசிமாவில். அப்பம்? அதுவும் அரிசிமாவில்தான். இன்று இரவு வீட்டுக்குப் போய், "அம்மா, பிட்டும் இடியப்பமும் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்குக் காலையில் உங்களுக்கு இரண்டுமே கிடைக்காது!

தம்பி ஒரு நாளாவது டிசம்பர் மாதக் குசினிக்குள் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். பெர்லினர்க்ரான்ஸ் என்ற சின்ன வளையத்துக்கு முட்டையை அவித்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து மசித்து, அதோடு பச்சை மஞ்சள் கருவைச் சேர்த்துக் குழைக்க வேண்டும். சான்காக்கே என்றால், பாதாம் சேர்த்த மாவைச் சின்னஞ்சிறு நெளி அச்சுக்குள் வைத்துப் பெருவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்த வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் கவிழ்த்துத் தட்டும்போது உடைந்து கையில் வரும். ஃபத்திமான் என்ற பெயருக்கு ஏழை மனிதன் என்று பொருள். அதற்குள் போவதோ மஞ்சள் கரு, பாலாடை, பிராந்தி, ஏலக்காய். இத்தனையும் வாங்கிப் போட்டால் செய்கிறவன் ஏழையாகிவிடுவான், அதனால்தான் அந்தப் பெயர் என்று இங்கே சொல்வார்கள். யோர்தேதக்கு என்ற பலகாரம் பொங்கி வரப் போடும் உப்பு, பழைய காலத்தில் மான்கொம்பிலிருந்து எடுத்தது. இப்போது அமோனிய உப்பாகக் கடையில் கிடைக்கிறது. சூட்டில் போட்டதும் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி கிளம்பும். வெந்து முடிய அந்த நெடியே இருக்காது.

இதில் ஒரு சரித்திரமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போறணை வைத்த இரும்படுப்பு வீடுகளுக்குள் வரும்வரை இந்த மக்களிடம் இருந்தது திறந்த நெருப்புத்தான். அதனால்தான் பழைய பலகாரங்கள் இரும்பு அச்சுக்குள் சுட்டவை, இல்லையென்றால் கொழுப்பில் பொரித்தவை. போறணையும் மலிந்த சீனியும் வந்த பிறகுதான் தட்டில் அடுக்கிச் சுடும் பலகாரங்கள் பெருகின. ஒரு பேணிக்குள் இரண்டு காலத்து அடுப்பும் இருக்கிறது, தம்பி. அதையா ஒரே விசுக்கோத்து என்கிறீர்கள்?

அடுத்தது வெண்ணெய். அதையும் வெறும் வெண்ணெய்தானே என்பதுபோலச் சொன்னீர்கள். 2011 டிசம்பரை இந்த அவையில் யாராவது மறந்தீர்களா? நான் மறக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க மழை. மாட்டுத் தீவனம் கெட்டுப் பால் குறைந்தது. அதே நேரம் மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைச் சாப்பிடும் உணவுமுறை ஒன்று நாடெங்கும் பரவியிருந்தது. வெளிநாட்டு வெண்ணெய்க்கோ பெரிய இறக்குமதி வரி. நத்தார் நெருங்க நெருங்கக் கடைத் தட்டுகள் காலி. இணையத்தில் வெண்ணெய் ஏலம் போனது. சனங்கள் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போய் வாங்கிவந்தார்கள். அப்போது ஒரு ரஷ்யர் எல்லையில் பிடிபட்டார். அவரிடம் இருந்தது என்ன? தங்கமா? சாராயமா? வெண்ணெய்! 90 கிலோ வெண்ணெய்!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு பைக்கற் 250 கிராம். அப்படியானால் 360 பைக்கற். அந்தச் சுங்க அதிகாரியை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வாகனங்களைத் திறந்து பார்த்தவர். இதையும் திறக்கிறார். வெண்ணெய். அதைத் தூக்கிவிட்டு அடியில் பார்க்கிறார். அங்கேயும் வெண்ணெய். வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மனைவி நிற்கிறார், கையில் மாவுச் சட்டி. "எங்கேயாவது வெண்ணெய் கண்டீர்களா?" அந்த மனிதர் என்ன பதில் சொல்லியிருப்பார்!

இந்த வீட்டுக் காட்சி என் கற்பனை. அந்த 90 கிலோ கற்பனை இல்லை. நடுவர் அவர்களே, நான் கேட்பது ஒன்றுதான். அந்த டிசம்பரில் ரிப்பே இருந்தது, மீன் இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. எதிரணி சொல்லும் விருந்துக்கு வேண்டியது கடையில் கிடந்தது. பிறகு ஏன் நாடு தவித்தது? பலகாரம் சுட முடியாதே என்றுதானே! விலா இறைச்சியை ஒளித்துவைத்து எல்லை கடந்தவர் யாராவது உண்டா? வெண்ணெயைக் கடத்தினார்கள். 90 கிலோ!

விருந்து ஊருக்கு ஊர் மாறும். கிழக்கே ரிப்பே, மேற்கே ஆட்டு விலா, கடலோரத்தில் மீன். பேணி எல்லா வீட்டிலும் இருக்கும். பேர்கனில் 1991 முதல் வருடா வருடம் பிள்ளைகளும் பெரியவர்களும் இஞ்சி விசுக்கோத்தில் ஒரு முழு நகரமே கட்டுகிறார்கள். 2009 நவம்பரில் யாரோ உள்ளே புகுந்து அதை நொறுக்கிவிட்டார்கள். அந்த ஊர்ச் சனங்கள் மறுபடி மா குழைத்துச் சுட்டு அதைக் கட்டி எழுப்பினார்கள்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் நடுவர் கை மணிக்குப் போகிறது. ஒரு கதையோடு முடிக்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1988இல், வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊருக்கு. பகல் முழுக்க மீன் தொழிற்சாலையில் வேலை. நவம்பர் கடைசியில் சூரியன் போனது, திரும்பி வரவேயில்லை. இருட்டில் போய் இருட்டில் வருவேன். மொழி தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வராமல் மூன்று மாதம். ஒரு பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பயந்து பயந்துதான் திறந்தேன். கீழ் வீட்டு அம்மா, எழுபது வயதிருக்கும், கையில் ஒரு நீலத் தகரப்பேணி. "வேர் ஷோ கூ" என்று நீட்டினார். எடுத்துக்கொள் என்பது மட்டும் விளங்கியது.

மூடியைத் திறந்தேன். எண்ணெய்த்தாளுக்கு அடியிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. பனிக்குள் நிற்கிறேன், மூக்குக்குள் எங்கள் வீட்டுக் குசினி. அம்மா வருஷப் பிறப்புக்குப் பலகாரம் சுடும் நாள் மணக்கிறது. அந்த வாசலிலேயே நின்று அழுதேன். என்னவென்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து கேத்தலை அடுப்பில் வைத்தார்.

பேணியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு உண்டா? பயற்றம் பணியாரம் செய்து நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த நத்தாருக்கு அது க்ரும்காக்கே என்ற சுருள் பலகாரத்தோடு வந்தது. இப்படியே 14 வருடம் அந்தப் பேணி மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஒரு தடவைகூட வெறுமையாய்ப் போகவில்லை.

க்ரும்காக்கே சுட அவர்தான் எனக்குப் பழக்கினார். பூவேலைப்பாடு வைத்த இரும்பு அச்சு நன்றாகச் சுட வேண்டும். ஒரு கரண்டி மா விட்டு மூடி, திருப்பிப் போட வேண்டும். எடுத்தவுடன் மரக்கூம்பில் சுற்ற வேண்டும், விரல் சுட்டாலும் விடக்கூடாது. மூச்சு இழுத்துவிடும் நேரம் பிந்தினால் வெடித்துவிடும். ஆறியதும் ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பார். சத்தத்தைக் கேட்டுத்தான் சரி பிழை சொல்வார்.

கடைசி டிசம்பரில் அவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். என் பெயர் நினைவில்லை. சாப்பாட்டை யாரோ ஊட்டினார்கள். நான் பேணியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். நடுங்கும் கையோடு அதை மெல்லத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உடைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நடுவர் அவர்களே, அந்தப் பேணி இதோ. நீலம் போய்விட்டது, மூடி கொஞ்சம் நெளிந்திருக்கிறது. நேற்று இரவு சுட்டு நிரப்பிக் கொண்டுவந்தேன். முதலாவது உங்களுக்கு. இரண்டாவது எதிரணித் தம்பிக்கு. தம்பி, கடிக்க முதல் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடையுங்கள்.

நன்றி, வணக்கம்.